வெயிட்லிஸ்டில் போட்டுவிட்டார்களா? எதில் இறங்கலாம், எதை விட்டுவிடலாம்

மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் அக்கா மகள் லேப்டாப்பை அப்படியே என் பக்கம் திருப்பி, "சித்தி, இது கிடைச்சிருச்சா, கிடைக்கலையா?" என்று கேட்டாள். நான் இரண்டு முறை படித்தேன். வாழ்த்தும் இல்லை, மறுப்பும் இல்லை. உங்கள் விண்ணப்பம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இப்போது இடமில்லை, காத்திருக்கச் சம்மதமா என்று கேட்டு கீழே ஒரு பட்டன். அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்த எத்தனையோ வீடுகளில் அந்த வாரம் இதே திரைதான் திறந்திருந்திருக்கும்.

அவளோடு உட்கார்ந்து அந்த மூன்று மாதத்தைக் கடந்ததிலிருந்து, ஒவ்வொரு ஏப்ரலிலும் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். லெட்டர் எழுதட்டுமா, இன்னொரு டீச்சரிடம் பரிந்துரை வாங்கட்டுமா, நேரில் ஒருமுறை போய்விட்டு வரட்டுமா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிடைத்த இடத்தில் நிம்மதியாகச் சேர்ந்துவிடட்டுமா? எல்லாவற்றையும் செய்ய ஏப்ரலில் நேரம் கிடையாது, செய்யவும் கூடாது. அதனால் ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

## முதலில், இது வரிசை இல்லை

வெயிட்லிஸ்ட் என்றதும் நமக்கு ரயில் டிக்கெட்தான் ஞாபகம் வரும். 12-ம் நம்பர் என்றால் முன்னால் பதினோரு பேர், அவர்கள் நகர்ந்தால் நாம் ஏறிவிடலாம். இங்கே பெரும்பாலான இடங்களில் நம்பரே கிடையாது. ஹார்வர்டு போன்றவை எங்கள் பட்டியலில் தரவரிசை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன.

நடப்பது இதுதான். ஒரு கல்லூரியில் 1,600 இடம் என்று வையுங்கள். சேர்க்கை கிடைத்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர்தான் வருவார்கள் என்பது அவர்கள் பழைய கணக்கு, அதனால் 4,000 பேருக்கு இடம் தருகிறார்கள். இடத்தை உறுதி செய்யும் டெபாசிட்டைக் கட்ட மே 1-ம் தேதி கடைசி நாள். அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தால் 1,540 பேர்தான் கட்டியிருக்கிறார்கள் என்றால் அறுபது இடம் காலி. அந்த அறுபதையும் பட்டியலில் "சிறந்த" அறுபது பேருக்குக் கொடுப்பதில்லை. எந்தப் பாடத்தில் ஆள் குறைகிறது, எந்தப் பகுதியிலிருந்து யாருமே வரவில்லை, உதவித்தொகைக்கு எவ்வளவு பணம் மிச்சம் என்று பார்த்து, அந்த ஓட்டையை அடைக்கிற ஆளைத் தேடுகிறார்கள். கூப்பிட்டால் உடனே வருகிற ஆளாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் மே மாதத்தில் இன்னொரு "இல்லை" கேட்க அவர்களுக்கு நேரமில்லை. ஒரு பெரிய கல்லூரி பட்டியலிலிருந்து நாற்பது பேரை எடுத்தால், அந்த நாற்பது பேர் விட்டுப்போகிற இடங்கள் வேறு கல்லூரிகளில் காலியாகும், அவர்களும் தங்கள் பட்டியலைத் திறப்பார்கள். ஜூன் வரைக்கும், சில இடங்களில் ஜூலை வரைக்கும் இந்தச் சங்கிலி ஓடும்.

வாய்ப்பு எவ்வளவு? நாக்காக் என்று அழைக்கப்படும் அமெரிக்கச் சேர்க்கை ஆலோசகர்கள் சங்கம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, காத்திருக்கச் சம்மதித்தவர்களில் சராசரியாக 20 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. சேர்க்கை கடினமான கல்லூரிகளில் அது 7 சதவீதம்தான். அதுவும் வருடத்துக்கு வருடம் தலைகீழாக மாறும். கோவிட் வருடமான 2020-ல் ஸ்டான்ஃபோர்டு 259 பேரைப் பட்டியலிலிருந்து எடுத்தது; சாதாரண வருடத்தில் அதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

உங்கள் கல்லூரியின் கணக்கை நீங்களே பார்க்கலாம். கல்லூரிப் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று தேடுங்கள், கல்லூரிகள் வருடந்தோறும் வெளியிடும் புள்ளிவிவர ஆவணம் அது. அதில் சி2 என்ற பகுதியில் எத்தனை பேரைப் பட்டியலில் வைத்தார்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று மூன்று எண்கள் இருக்கும். ஒரு வருடத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், நான்கைந்து வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் அதே ஆவணத்தில் சி7-க்குப் போய், "விண்ணப்பதாரரின் ஆர்வம்" என்ற வரிக்கு நேரே என்ன குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கணக்கில் எடுப்பதில்லை என்று இருந்தால் கடிதம் மேல் கடிதம் எழுதுவதில் பயன் குறைவு. முக்கியம் என்று இருந்தால் கீழே சொல்வதெல்லாம் இரண்டு மடங்கு பொருந்தும்.

## எதை வைத்து எடைபோடுவது

நாங்கள் ஒரு தாளில் நான்கு கேள்விகள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். யாராவது புது யோசனை சொன்னால் அந்த நான்கையும் கேட்டோம்.

கல்லூரி இதை ஏற்றுக்கொள்கிறதா? வந்த கடிதத்திலோ போர்ட்டலிலோ என்ன அனுப்பலாம், என்ன அனுப்பக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். அனுப்பாதே என்றால் அனுப்பக்கூடாது, அவ்வளவுதான்.

விண்ணப்பம் போன டிசம்பரில் அவர்களுக்குத் தெரியாத ஏதாவது இதில் இருக்கிறதா? பழையதையே புது வார்த்தையில் சொன்னால் படிக்கிறவருக்கு அலுப்புதான் வரும்.

என்ன செலவாகும்? பணத்தை மட்டும் சொல்லவில்லை. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி அளவிலான ஏபி தேர்வுகள் மே முதல் இரண்டு வாரத்தில் வந்துவிடும். கடிதத்துக்காக எடுக்கிற ஒவ்வொரு ராத்திரியும் அங்கிருந்துதான் குறையும்.

இது கெடுதல் செய்யுமா? சில முயற்சிகள் உதவாமல் போவதோடு நிற்பதில்லை, இருக்கிற நல்ல பெயரையும் கெடுக்கும்.

## ஆர்வம் தெரிவிக்கும் கடிதம்

சேர்க்கை உலகத்தில் இதை "லெட்டர் ஆஃப் கன்டினியூட் இன்ட்ரஸ்ட்" என்பார்கள். கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்றால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஆனால் முதலில் பட்டியலில் இருக்கச் சம்மதம் என்ற அந்தப் பட்டனை அழுத்துங்கள், அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. கடிதத்தை மும்முரமாக எழுதிக்கொண்டே அதை அழுத்த மறந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

அக்கா மகள் எழுதிய முதல் பிரதி 900 வார்த்தை. முதல் பத்தி முழுக்க, இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இடம்பெற்றதே பெருமை என்று இருந்தது. இரண்டாவது பத்தி அவள் சின்ன வயதிலிருந்தே எப்படி அறிவியலை நேசித்தாள் என்பது, அதை ஏற்கெனவே கட்டுரையில் எழுதியாயிற்று. மூன்றாவதில் ஒரு ஆன்லைன் படிப்பின் சான்றிதழ். நான்காவதில் கல்லூரியின் இணையதளத்தில் இருந்தே எடுத்துப் போட்ட புகழ்ச்சி. நான் பென்சிலை எடுத்து, இது டிசம்பரில் அவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டேன். தெரியும் என்றால் ஒரு கோடு. கடைசியில் ஆறு வரி மிஞ்சியது, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஜனவரியிலிருந்து சனிக்கிழமைகளில் என்ன செய்தாய் என்று சும்மா கேட்டேன். நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள், அது விண்ணப்பத்தில் ஒரே ஒரு வரியாக இருந்தது. இப்போது பார்த்தால் ஆறு பிள்ளைகள் பத்தொன்பது ஆகியிருக்கிறார்கள், தனியாகச் சமாளிக்க முடியாமல் பத்தாவது படிக்கிற இரண்டு பேரைப் பழக்கியிருக்கிறாள், பின்னம் புரியாத பிள்ளைகளுக்காக ஒரு பக்கத் தாள் தயாரித்திருக்கிறாள். "இதெல்லாம் ஒரு சாதனையா சித்தி?" என்றாள். அதுதான் அந்தக் கடிதத்தின் நடுப்பகுதி ஆயிற்று.

முடிவான கடிதம் 280 வார்த்தை. முதல் வரியில், பட்டியலில் தொடர்கிறேன், இடம் கொடுத்தால் சேருவேன். அடுத்து நூலகம். அடுத்து மூன்றாம் காலாண்டு மதிப்பெண், ஒரே வரியில். அப்புறம் அந்தக் கல்லூரியில் கணிதக் கல்விக்கென்று இருக்கும் ஒரு குறிப்பிட்ட பாடத்தையும், அது அவள் சனிக்கிழமை வேலையோடு எங்கே சேர்கிறது என்பதையும் பற்றி மூன்று வரி. நன்றி. முடிந்தது.

"இடம் கொடுத்தால் சேருவேன்" என்ற வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது கடிதத்தின் மிகக் கனமான வரி, உண்மையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டிய வரி. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் எழுத முடியும். உதவித்தொகை இல்லாமல் சேர முடியாது என்றால் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதாதீர்கள். நீங்கள்தான் எங்கள் முதல் விருப்பம், கட்டணம் கட்டக்கூடியதாக இருந்தால் வருவேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மூன்று இடத்துக்கும் அதே சத்தியத்தைச் செய்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பதினேழு வயதில் அது தேவையில்லாத ஒரு பாரம்.

எப்போது அனுப்புவது? ஏப்ரல் முதல் பாதிக்குள். அதற்குப் பிறகு நிஜமாகவே புதிதாக ஏதாவது நடந்தால் மே நடுவில் நாலு வரி அனுப்பலாம். வாரா வாரம் எழுதினால் அது கெடுதல்.

இதில் வெளியே தெரியாத ஒரு செலவும் உண்டு. கடிதம் எழுத எழுத, கிடைக்காத அந்த இடத்தின் மேல் மறுபடியும் ஆசை வளரும். கையில் இருக்கும் கல்லூரி சின்னதாகத் தெரிய ஆரம்பிக்கும். அதனால் ஒரு வார இறுதியில் எழுதி முடித்து மூடிவிடுங்கள்.

## புது மதிப்பெண்கள்

எந்தப் பிள்ளைக்கு உதவும் என்று தெளிவாகச் சொல்லலாம்: பதினோராம் வகுப்பில் சறுக்கி, கடைசி வருடத்தில் ஏறியவர்களுக்கு. அவர்களுக்குக் கடிதத்தைவிட இது பலமான ஆதாரம், பள்ளியிலிருந்தே அதிகாரபூர்வமாக அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே எல்லாம் உச்சத்தில் இருந்தவர்களுக்கு இதனால் ஒன்றும் கூடாது, விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். எஸ்ஏடி என்ற சேர்க்கைக்கான பொதுத் தேர்வை மறுபடி எழுதலாமா என்றால், கல்லூரி ஏற்கிறேன் என்று சொல்லி, பழைய மதிப்பெண் அவர்களுடைய வழக்கமான அளவுக்குக் கீழே இருந்தால் மட்டும்.

## இன்னொரு பரிந்துரைக் கடிதம்

கல்லூரி கேட்டால் ஒன்று. அதுவும் இந்த வருடம் பாடம் எடுத்து, விண்ணப்பம் போன பிறகு உங்களிடம் ஏதோ ஒன்றைப் பார்த்த ஆசிரியரிடமிருந்து. பெரிய பதவியில் இருக்கிற மாமாவின் நண்பர், பழைய மாணவர் சங்கத்தில் யாரோ, உங்களை ஒருமுறை கல்யாணத்தில் பார்த்த பேராசிரியர் இவர்கள் யாரும் வேண்டாம். உங்களைத் தெரியாதவர் எழுதுவது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் போன்ற பெரிய அரசுக் கல்லூரிகள் இப்படி வருவதை ஏற்பதே இல்லை. வளாகம் கேட்டால் படிவத்திலேயே ஒரு சிறு குறிப்பு எழுத இடம் தருவார்கள், அதுதான் உங்கள் கடிதம்.

ஆசிரியர்களுக்கும் ஏப்ரல் கடினமான மாதம். ஐந்தாவது முறை போய் நின்றால் அவர்களும் களைத்துப்போவார்கள்.

## பள்ளிக் கவுன்சிலரின் ஒரு போன்

இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள், எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். செலவு இல்லை, கெடுதல் இல்லை, கல்லூரிக்குப் பழக்கமான வழி. உங்கள் பகுதிக்குப் பொறுப்பான சேர்க்கை அதிகாரியிடம், பள்ளியில் மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலர் பேசி, "இந்தப் பெண் நிஜமாகவே வருவாள்" என்று ஒரு வார்த்தை சொன்னால், நீங்கள் எழுதிய அதே வரிக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. பதிலுக்கு, பட்டியல் நகரும் போலிருக்கிறதா, உதவித்தொகை மிச்சம் இருக்கிறதா என்று அவருக்கு ஏதாவது தெரியவும் வரலாம்.

சிக்கல் என்னவென்றால் ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது பரிந்துரைக்கப்பட்ட அளவு, பல அரசுப் பள்ளிகளில் அதைத் தாண்டித்தான் இருக்கிறது. அவருக்கு உங்களைப் பற்றி எல்லாம் ஞாபகம் இருக்காது. அரைப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: எந்தக் கல்லூரி, சேருவது உறுதியா, டிசம்பருக்குப் பிறகு நடந்த இரண்டு விஷயம், உதவித்தொகை தேவையா. அதைப் பார்த்துக்கொண்டே அவர் பேசலாம். இதைப் பிள்ளைதான் கேட்க வேண்டும், அப்பா அம்மா போன் செய்யக்கூடாது, கல்லூரிக்கு நேரடியாகச் செய்யவே கூடாது.

## நேரில் போவது, ஆலோசகரை வைத்துக்கொள்வது

விமான டிக்கெட், ஹோட்டல், இரண்டு நாள் பள்ளி விடுப்பு, எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரிய தொகை. சேர்க்கை அலுவலகத்தில் முன் அனுமதி இல்லாமல் போய் நின்றால் வரவேற்பில் இருப்பவர் பெயரைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவார். பரிசு, கேக், சுவரொட்டி அனுப்புவதெல்லாம் தர்மசங்கடம்தான். வெயிட்லிஸ்டிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கிற ஆலோசகருக்கும் கல்லூரிக்குள் எந்தச் சாவியும் கிடையாது. அவர் எழுதித் தருகிற கடிதத்தில் பிள்ளையின் குரல் போய்விடும். அதே பணத்தில் டெபாசிட் கட்டுங்கள்.

## படிவத்தில் ஒரு டிக்: ஜனவரியில் வருவீர்களா?

சில கல்லூரிகள் வசந்தப் பருவத்தில் சேரச் சம்மதமா, வேறு பாடத்துக்கு மாறச் சம்மதமா என்று கேட்கும். மிடில்பரி கல்லூரியில் பிப்ரவரியில் வந்து சேர்வதற்கென்றே ஒரு தனி வகுப்பு உண்டு. நிஜமாக முடியும் என்றால் ஆமாம் என்று குறியுங்கள், அது வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தும். செலவையும் பாருங்கள். நடுவில் இருக்கும் ஐந்து மாதம் என்ன செய்வது, மருத்துவக் காப்பீடு எங்கே, முதல் பருவத்தில் எல்லோரும் நண்பர்கள் ஆன பிறகு போய் உட்காருவது ஒரு பதினெட்டு வயதுக்கு எப்படி இருக்கும் என்பதையெல்லாம் வீட்டில் பேசிவிட்டுக் குறியுங்கள். பிடிக்காத பாடத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், உள்ளே போன பிறகு மாறிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள், பல இடங்களில் பொறியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் உள்ளிருந்து மாறுவதும் கடினம்.

| வழி | யாருக்கு, எப்போது | வெளியே தெரியாத செலவு | கெடுக்குமா |
|---|---|---|---|
| கடிதம் | கல்லூரி ஏற்றால் எல்லோருக்கும், ஏப்ரல் முதல் பாதி | ஆசை மறுபடி வளர்வது | திரும்பத் திரும்ப எழுதினால் |
| புது மதிப்பெண் | கடைசி வருடத்தில் ஏறியவர்களுக்கு | இல்லை | விழுந்தால் |
| கூடுதல் பரிந்துரை | கேட்டால் மட்டும், ஒன்று | ஆசிரியரின் நேரம் | பெரிய மனிதர் கடிதமாக இருந்தால் |
| கவுன்சிலர் போன் | எல்லோருக்கும், கடிதம் போன வாரமே | இல்லை | பெற்றோர் புகுந்தால் |
| நேரில் போவது, ஆலோசகர் | அழைத்தால் தவிர வேண்டாம் | பெரிய பணம், பள்ளி நாட்கள் | பல சமயம் ஆம் |
| ஜனவரி சேர்க்கைக்குச் சம்மதம் | நிஜமாக முடிந்தவர்களுக்கு | ஒரு பருவம், நட்பு வட்டம் | இல்லை |

## அதைவிடப் பெரிய முடிவு: காத்திருப்பதா, விடுவதா?

டெபாசிட் கட்டிவிட்டுக் காத்திருப்பது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரி. மே 1-க்குள் கிடைத்த இடங்களில் பிடித்ததில் பணம் கட்டிவிடுங்கள், பட்டியலிலும் இருங்கள். இது ஏமாற்று வேலை இல்லை, எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இரண்டு கல்லூரியில் டெபாசிட் கட்டுவதுதான் தவறு, தெரிந்தால் இரண்டு இடமும் போகலாம். பட்டியலிலிருந்து அழைப்பு வந்து மாறினால் கட்டிய சில நூறு டாலர் திரும்ப வராது, அதை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் அமெரிக்க அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் தாமதமானதால் நிறையக் கல்லூரிகள் மே 1-ஐத் தள்ளிப்போட்டன, அதனால் உங்கள் கல்லூரியின் தேதியை அதன் கடிதத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அக்கா மகள் இப்படித்தான் செய்தாள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டினாள், மே முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஜூன் கடைசியில் பட்டியலை மூடிவிட்டோம் என்ற கடிதம் வந்தபோது அவளும் வரப்போகிற ரூம்மேட்டும் ஃப்ரிட்ஜ் யார் வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். படித்துவிட்டு, "சரி" என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சுக்கே திரும்பிப் போனாள்.

பட்டியலை விட்டு விலகுவது. கையில் இருக்கும் இடமும் நல்ல இடம், அங்கே ஸ்காலர்ஷிப்பும் கிடைத்திருக்கிறது என்றால் இது தோல்வி இல்லை. பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறவர்களுக்கு மதிப்பெண் அடிப்படையிலான ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும், ஹாஸ்டலிலும் மிஞ்சிய அறைதான். வருடத்துக்கு 20,000 டாலர் சலுகையை விட்டுவிட்டுப் பெயருக்காகக் காத்திருப்பது நான்கு வருடத்தில் 80,000 டாலர் கேள்வி. அழைப்பு வந்தாலும் போக மாட்டோம் என்று வீட்டில் எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருந்தால், இன்றே விலகிவிடுவது பிள்ளைக்கு ஒரு நிம்மதியான மே மாதத்தைக் கொடுக்கும்.

ஒரு வருடம் வேறு இடத்தில் படித்துவிட்டு டிரான்ஸ்ஃபர். இது கல்லூரியைப் பொறுத்து வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசப்படும். ஹார்வர்டு வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பேரைத்தான் எடுக்கும். பிரின்ஸ்டன் நெடுங்காலம் நிறுத்திவைத்திருந்து 2018-ல்தான் மறுபடி ஆரம்பித்தது, அதுவும் சிறிய எண்ணிக்கையில். கார்னெல் நூற்றுக்கணக்கில் எடுக்கும், முதல் வருடம் மறுக்கப்பட்ட சிலருக்கு நிபந்தனையோடு இரண்டாம் வருட இடத்தையே முன்கூட்டித் தரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், அந்த மாநிலத்தின் இரண்டு வருடக் கல்லூரிகளான கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருபவர்களுக்கு முன்னுரிமை. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்றே எழுதித் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அந்த உறுதியைத் தருவதில்லை. மறைந்திருக்கும் செலவு, முதல் வருடத்தை ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டே கழிப்பது. எடுத்த பாடங்களில் சிலவற்றுக்குப் புது இடத்தில் கிரெடிட் கிடைக்காமலும் போகலாம்.

ஒரு வருடம் நிறுத்தி மறுபடி விண்ணப்பிப்பது. வெயிட்லிஸ்டுக்காக மட்டும் இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். அந்த வருடத்தில் செய்ய உறுதியான வேலையோ திட்டமோ இருந்து, விண்ணப்பம் நிஜமாகவே வேறு விண்ணப்பமாக மாறும் என்றால் யோசிக்கலாம். கிடைத்த இடத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அப்படித் தள்ளிவைப்பவர்கள் வேறெங்கும் விண்ணப்பிக்கக்கூடாது என்று பல கல்லூரிகள் கையெழுத்து வாங்கும். நடுவில் கல்லூரிப் பாடங்கள் எடுத்தால் முதல் வருட மாணவர் என்ற தகுதியே போய் டிரான்ஸ்ஃபர் மாணவராகிவிடும் ஆபத்தும் உண்டு.

## வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு

பண விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மாணவர்களின் பணத்தேவையைப் பார்க்காமல் சேர்க்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை அந்தச் சின்னப் பட்டியலில் வரும். மற்ற பல இடங்களில் வெயிட்லிஸ்ட் திறக்கும் நேரத்தில் உதவிப் பணமும் கரைந்திருக்கும். முழுக் கட்டணம் கட்ட முடிகிறவர்களுக்கு அங்கே வாய்ப்பு கூடும், அது நியாயமோ இல்லையோ, நடப்பது அதுதான். ஆனால் முடியாததை முடியும் என்று சொல்லி உள்ளே போகாதீர்கள், இரண்டாம் வருடத்தில் உதவி கேட்க வழியே இல்லாத கல்லூரிகள் இருக்கின்றன.

வெயிட்லிஸ்டுக்காக விசா வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். டெபாசிட் கட்டிய கல்லூரியிலிருந்து விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை வாங்கி, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணத்தைக் கட்டி, நேர்காணல் தேதியை எடுத்துவிடுங்கள். ஜூனில் வேறு கல்லூரி அழைத்தால் அவர்களிடமிருந்து புது ஐ-20 வரும், கட்டிய செவிஸ் கட்டணத்தை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கல்லூரியின் பெயர் அச்சாகியிருக்கும் என்பதால், விசா கைக்கு வந்த பிறகு மாறினால் மறுபடி விசா அலுவலகம் போக வேண்டியிருக்கும். ஜூலையில் வருகிற அழைப்புக்கு இந்த ஓட்டத்துக்கெல்லாம் நாள் போதுமா என்று முதலிலேயே ஒரு தேதி முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

## போன் வந்தால்

தெரியாத எண்ணிலிருந்து வரும், அதனால் மே, ஜூனில் எல்லா அழைப்பையும் எடுங்கள், வாய்ஸ்மெயில் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் தினம் ஒருமுறை திறங்கள். சில இடங்களில் இடம் கொடுத்தால் வருவீர்களா என்று முதலில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத்தான் கடிதம் அனுப்புவார்கள். சந்தோஷத்தில் உடனே ஆமாம் சொல்லிவிடாமல், உதவித்தொகை விவரம் எப்போது வரும், முடிவு சொல்ல எத்தனை நாள், ஹாஸ்டல் உறுதியா என்று மூன்றையும் கேளுங்கள். இரண்டு மூன்று நாள்தான் கொடுப்பார்கள், சிலர் ஒரே நாள்கூட. உதவித்தொகைக் கடிதம் எழுத்தில் வருகிற வரைக்கும் பழைய இடத்தை விடாதீர்கள்.

சேருவது முடிவானதும் டெபாசிட் கட்டிய கல்லூரிக்கு எழுதுங்கள், பள்ளிக் கவுன்சிலரிடம் சொல்லி இறுதி மதிப்பெண் பட்டியலைப் புது இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் இன்னும் பெயர் இருக்கிற மற்ற பட்டியல்களுக்கும் ஒரு வரி போட்டு விலகிக்கொள்ளுங்கள், அன்றைக்கே. அங்கேயும் ஒரு பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.